காசோலை யார் பெயரில் வந்தது? சன்ஃபிளவர் கவுண்டியின் விவசாய மானியங்கள்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கே, நம் மாவட்டத்தைப் போன்ற சன்ஃபிளவர் கவுண்டியில், டாட்ஸ்வில், ரூல்வில் என்று சில மைல் இடைவெளியில் இரண்டு சிற்றூர்கள் இருக்கின்றன. டாட்ஸ்வில்லில் செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்ட் குடும்பத்தின் பருத்திப் பண்ணை இருந்தது. ஏறத்தாழ 5,800 ஏக்கர். ரூல்வில்லில், பின்னாளில் வாக்குரிமைப் போராளியான கறுப்பினப் பெண் ஃபேனி லூ ஹேமர் வாழ்ந்தார். இருபது பிள்ளைகளில் கடைக்குட்டி; ஆறு வயதில் பருத்தி எடுக்கக் காட்டில் இறங்கியவர். 1960களின் பிற்பகுதியில் ஈஸ்ட்லாண்ட் பண்ணைக்கு மத்திய அரசு ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் பருத்தி மானியம் கொடுத்தது. அதே ஆண்டுகளில் மிசிசிப்பியில் அரசு உதவித்தொகையை நம்பியிருந்த ஏழைக் குழந்தை ஒன்றுக்குக் கிடைத்தது மாதம் பத்து டாலருக்கும் குறைவு.

வலியவனுக்குத்தான் எல்லாம் போகும் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. மானியம் என்பது ஒரு விண்ணப்பத் தாளில் தொடங்குகிறது. அந்தத் தாளில் யார் பெயரை எழுதலாம் என்பதை எங்கோ ஓர் அறையில் சிலர் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். சன்ஃபிளவரில் அந்த முடிவுகளை ஆண்டு வாரியாகப் பின்தொடர முடிகிறது. விவசாய மானியம் பற்றிப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கவுண்டியை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் அதுதான்.

மண்ணும் மக்களும்

மிசிசிப்பி, யாசூ ஆறுகளுக்கு இடையே வெள்ளம் கொண்டுவந்து சேர்த்த வண்டல் சமவெளியை அங்கே டெல்டா என்கிறார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் மேடு பள்ளம் இல்லாத கரிய மண். சன்ஃபிளவர் அதன் நடுவில் இருக்கிறது; தலைநகர் இண்டியனோலா. 1930இல் இந்தக் கவுண்டியில் 66,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 2020இல் சுமார் 26,000 பேர். பத்தில் ஏழு பேருக்கு மேல் கறுப்பின மக்கள். நிலம் பெரும்பாலும் வெள்ளையர் கையில்.

மீதி 40,000 பேர் எங்கே போனார்கள் என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் இங்கே மானியத்தின் கதையைச் சொல்ல முடியாது. சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் ரயிலேறியவர்களில் பலர் விரும்பிப் போனவர்கள். நிலத்திலிருந்து தள்ளப்பட்டுப் போனவர்களும் ஏராளம். தள்ளிய கைகளில் ஒன்று, விவசாயியைக் காப்பாற்ற வந்த சட்டம்.

1933: உழுது அழித்த பருத்தி

வாரத்துக்குப் பயிர்செய்வது நமக்குத் தெரிந்த ஏற்பாடுதான். டெல்டாவில் அது இப்படி இருந்தது: நிலமும் கோவேறு கழுதையும் விதையும் பண்ணையாருடையவை. குடியானவன் குடும்பத்தோடு பாடுபடுவான். விளைச்சலில் பாதி அவனுக்கு. வசந்த காலத்திலிருந்து அறுவடைவரை மாவும் பன்றிக்கொழுப்பும் பண்ணைக் கடையில் கடனாக வாங்கித் தின்பான். டிசம்பரில் கணக்குத் தீர்ப்பார்கள். கணக்கு நோட்டு பண்ணையார் மேஜையில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவன் அதில் இருப்பதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. ஆண்டு முழுவதும் பாடுபட்டுக் கடனாளியாகவே வீடு திரும்பியவர்கள்தான் அதிகம்.

1929இல் ராத்தல் 17 சென்ட் அளவில் விற்ற பருத்தி 1931இல் ஆறு சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. ரூஸ்வெல்ட் அரசு 1933 மே மாதம் விவசாயச் சீரமைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும். குறைக்கிறவனுக்கு அரசு பணம் தரும். அந்தக் கோடையில் தென் மாநிலங்கள் எங்கும் வளர்ந்து நின்ற பருத்தியில் சுமார் ஒரு கோடி ஏக்கரை உழுது அழித்தார்கள்.

அந்தப் பணம் யாருக்கு? 1934, 1935 ஆண்டுகளுக்கான பருத்தி ஒப்பந்தத்தைப் பார்க்கலாம். பயிர் வைக்காமல் விட்ட நிலத்துக்கு, அதில் விளைந்திருக்கக்கூடிய ஒவ்வொரு ராத்தலுக்கும் மூன்றரை சென்ட் வாடகை. அது நில உரிமையாளருக்கு. அதற்கு மேல் ஒரு சென்ட் விலை ஈட்டுத்தொகை. அதைத்தான் வாரக் குடியானவனோடு பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆக நாலரை சென்ட்டில் பண்ணையாருக்கு நான்கு, குடியானவனுக்கு அரை. விளைந்தால் பாதிக்குப் பாதி. விளையாமல் விட்டால் ஒன்பதில் ஒன்று. குடியானவனுக்கு உரிய அந்த அரை சென்ட்டும் பண்ணையார் வழியாகத்தான் வந்தது. பழைய கடனில் வரவு வைத்துக்கொண்டேன் என்று அவர் சொன்னால் கேட்பதற்கு ஆள் இல்லை.

அந்தத் திட்டத்தின் நிதிப் பொறுப்பில் வாஷிங்டனில் இருந்தவர் ஆஸ்கர் ஜான்ஸ்டன். சன்ஃபிளவருக்குப் பக்கத்தில் இருக்கும் பொலிவர் கவுண்டியில், ஸ்காட் என்ற ஊரில் இயங்கிய டெல்டா அண்ட் பைன் லாண்ட் நிறுவனத்தின் தலைவர் அவர். நாட்டின் மிகப்பெரிய பருத்திப் பண்ணைகளில் ஒன்று அது. அதன் உரிமையாளர்கள் மான்செஸ்டரின் நூற்பாலை முதலாளிகள். 1936இல் மிச்சிகன் செனட்டர் ஆர்தர் வாண்டன்பர்க், பெருந்தொகை வாங்கியவர்களின் பட்டியலை வெளியிட வேண்டும் என்று செனட்டில் கேட்டபோதுதான் இந்தப் பிரிட்டிஷ் பண்ணையும் அதில் இருப்பது பலருக்குத் தெரியவந்தது. பசித்த அமெரிக்க விவசாயிக்காக ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கு அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போனது. சட்டத்தில் அதற்குத் தடை இல்லை.

பயிர்ப் பரப்பு குறைந்தால் ஆள் தேவையும் குறையும். பண்ணையார்கள் குடிகளை வெளியேற்றினார்கள். ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு, இயன்றவரை அதே எண்ணிக்கையில் குடிகளை வைத்திருக்க வேண்டும் என்றது. "இயன்றவரை" என்ற அந்தச் சொல்லின் வழியே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. ஆற்றுக்கு அக்கரையில், ஆர்கன்சாவின் டைரன்சாவில், 1934 ஜூலையில் கறுப்பரும் வெள்ளையருமாகச் சேர்ந்து குத்தகை விவசாயிகள் சங்கம் தொடங்கினார்கள். அந்தக் காலத் தெற்கில் இது உயிரைப் பணயம் வைக்கும் காரியம். விசாரிப்பதற்காக விவசாயத் துறை மேரி கானர் மையர்ஸ் என்ற வழக்கறிஞரை அனுப்பியது. அவர் எழுதிய அறிக்கையைத் துறை வெளியிடவே இல்லை. 1935 பிப்ரவரியில் துறையின் சட்டப் பிரிவு, அதே ஆட்களையே குடியில் வைத்திருக்க வேண்டும் என்று ஏழாவது பிரிவுக்குப் பொருள் சொன்னது. உடனே சட்டப் பிரிவின் தலைவர் ஜெரோம் ஃபிராங்கும் அவருடன் இருந்தவர்கள் சிலரும் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் வலிக்கும் இடம் இதுதான். மானியம் நில உரிமையாளருக்கே போய்ச் சேர்ந்தது யாரும் கவனிக்காமல் நேர்ந்த பிழையாக இருந்திருந்தால் பின்னால் திருத்தியிருக்கலாம். கவனித்தவர்கள் இருந்தார்கள். கவனித்ததற்காகவே அவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

ஹேமரின் தந்தை, செனட்டரின் பண்ணை

வாரத்திலிருந்து குத்தகைக்கும், குத்தகையிலிருந்து சொந்த நிலத்துக்கும் படிப்படியாக ஏறலாம் என்று பேசுவார்கள். ஹேமரின் தந்தை ஜிம் டவுன்சென்ட் அப்படி ஏற முயன்றவர். சிறுகச் சிறுகச் சேர்த்துக் கோவேறு கழுதைகள் வாங்கி, நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். ஓர் இரவு யாரோ தீவனத் தொட்டியில் நஞ்சைக் கலந்துவிட்டார்கள், கழுதைகள் செத்தன. வெள்ளைக்காரன் ஒருவன் செய்த வேலை என்று ஹேமர் பின்னாளில் சொல்லிவந்தார். அந்தக் குடும்பம் அதன் பிறகு எழவே இல்லை.

ஈஸ்ட்லாண்ட் 1941இல் முதன்முதலாக செனட்டுக்கு நியமிக்கப்பட்டு மூன்று மாதத்துக்கும் குறைவாக அங்கே இருந்தார். அதற்குள் பருத்திவிதை எண்ணெய்க்கு விலைக் கட்டுப்பாடு வராமல் தடுக்கப் போராடி டெல்டாவில் பெயர் வாங்கிவிட்டார். 1943இலிருந்து 1978வரை செனட்டர். 1956இலிருந்து நீதித்துறைக் குழுவின் தலைவர். கறுப்பினத்தவரின் குடிமை உரிமைகளுக்கான சட்ட முன்வரைவுகள் முடங்கிக் கிடந்தது அந்தக் குழுவில்தான். விவசாயக் குழுவிலும் அவர் இருந்தார். மானிய விதிகளை எழுதிய அறையில் மானியம் பெறுபவர் உட்கார்ந்திருந்தார். அதை ஒளித்துவைக்க வேண்டிய அவசியமும் அன்று அவருக்கு இருக்கவில்லை.

1962 ஆகஸ்ட் 31 அன்று ஹேமர் வாக்காளராகப் பதிவுசெய்ய இண்டியனோலாவுக்குப் பஸ்ஸில் போனார். அன்று மாலையே, பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்த பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார். வாக்குரிமைப் போராளியாகவே உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. அவரோடு வேலை செய்த இளைஞர்களில் சிலருக்கு இன்னொரு தேர்தலும் கண்ணில் பட்டது. அதைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது.

மூன்று நாற்காலிகள்

அமெரிக்க விவசாயத் திட்டங்களை வாஷிங்டன் நேரடியாக நடத்துவதில்லை. ஒவ்வொரு கவுண்டியிலும் விவசாயிகளே தேர்ந்தெடுக்கும் சிறு குழு ஒன்று உண்டு. பழைய நாட்களில் அதில் மூன்று பேர். எந்தப் பண்ணை எத்தனை ஏக்கர் பருத்தி வைக்கலாம், யாருடைய ஒதுக்கீட்டைக் கூட்டலாம், யாருடைய முறையீட்டைத் தள்ளலாம், கவுண்டி அலுவலகத்துக்கு மேலாளராக யாரை வைக்கலாம் என்பதெல்லாம் அந்த மூன்று பேர் கையில். கேட்பதற்கு நல்ல ஏற்பாடு. உள்ளூர்க்காரர் உள்ளூரை அறிவார். ஆனால் டெல்டாவில் அந்த உள்ளூர்க்காரர் என்பவர் பண்ணையாரோ, பண்ணையாரின் உறவினரோ, அவருக்குக் கடன் கொடுப்பவரோதான்.

நடுவண் குடிமை உரிமைகள் ஆணையம் 1965இல் விவசாயத் திட்டங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. பதினொரு தென் மாநிலங்களின் கவுண்டிக் குழுக்களில் ஒரு கறுப்பினத்தவரும் இல்லை என்று அது பதிவு செய்தது. 1964 இறுதியில், ஹேமரோடு வேலை செய்த மாணவர் இயக்கத்தினர் மிசிசிப்பியில் இந்தக் குழுத் தேர்தல்களில் கறுப்பின விவசாயிகளை நிறுத்தினார்கள். இந்தத் தேர்தலில் வாக்களிக்க வாக்காளர் பதிவு தேவையில்லை; நிலத்தில் பங்கு இருந்தால் போதும், வாரக் குடியானவனும் வாக்களிக்கலாம். கவுண்டிக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் அடிமட்டக் குழுக்களில் சிலர் வென்றார்கள். கவுண்டிக் குழு எட்டாத உயரத்திலேயே நின்றது.

குழு ஓர் ஏக்கர் பருத்தியைக் குறைத்தால் சிறு விவசாயிக்கு அந்த ஆண்டின் உப்பும் செருப்பும் போய்விடும். பள்ளிக்கூட வாசலில் கறுப்பினக் குழந்தையைத் தடுத்த காவலரின் படம் உலகமெங்கும் போனது. கவுண்டி அலுவலகத்தில் ஒரு தாளில் பத்து ஏக்கரை எட்டாகத் திருத்திய பேனாவை யாரும் படம் எடுக்கவில்லை.

களைவெட்டுக்கு மூன்று டாலர்

1965ஆம் ஆண்டின் விவசாயச் சட்டம் பருத்தி விலையை உலகச் சந்தைக்கு இறங்க விட்டு, குறையை நேரடிக் காசோலையாக ஈடுகட்டியது, பரப்பையும் வெட்டியது. காசோலை பெரிதானதும், கையில் பணம் இருந்த பண்ணையார்கள் அறுவடை இயந்திரமும் களைக்கொல்லியும் வாங்கினார்கள். அந்நாளில் பருத்திக் காட்டில் களைவெட்டினால் நாளுக்கு மூன்று டாலர். பத்து மணி நேர வேலை. 1965இல் டெல்டாவின் தொழிலாளர்கள் மணிக்கு 1.25 டாலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள்; தோற்றார்கள். 1967 பிப்ரவரியில் பெரிய பண்ணைகளுக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நீண்டது: மணிக்கு ஒரு டாலர். கூலி மூன்று மடங்கு ஆகவேண்டிய அதே வசந்தத்தில் பண்ணைகளுக்கு ஆட்களே வேண்டாம் என்றாகிவிட்டது.

1967 ஏப்ரலில் செனட்டர்கள் ராபர்ட் கென்னடியும் ஜோசப் கிளார்க்கும் டெல்டாவுக்கு வந்து குடிசைகளுக்குள் நுழைந்து பார்த்தார்கள். வயிறு வீங்கிய குழந்தைகளைக் கண்டு கென்னடி பேச்சிழந்தார். உணவுக்கூப்பன் திட்டம் அப்போதும் இருந்தது. ஆனால் கூப்பனையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், கையில் காசு இல்லை. பயிரிடாத நிலத்துக்குப் பணம் கொடுத்த அதே விவசாயத் துறைதான் அந்தக் கூப்பனையும் விற்றது.

ஹேமர் இதற்கு ஒரு விடை தேடினார். 1969இல் நாற்பது ஏக்கர் வாங்கி விடுதலைப் பண்ணைக் கூட்டுறவைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது அறுநூறு ஏக்கரைத் தாண்டியது. அவரை, பட்டாணி, வெள்ளரி, பூசணி, கீரை போட்டார்கள். அதற்கு முன்பே தேசிய நீக்ரோ பெண்கள் பேரவையின் உதவியோடு பன்றி வங்கி ஒன்றும் நடந்தது: ஒரு குடும்பம் பெண் பன்றியை வாங்கிக்கொண்டு, ஈன்ற குட்டிகளில் சிலவற்றை வங்கிக்குத் திருப்பித் தரும், அவை அடுத்த குடும்பத்துக்குப் போகும். நிலத்தின் தவணையைக் கட்டப் பருத்தியும் சோயாவும் பயிரிட்டார்கள். உறுப்பினர் கட்டணம் மாதம் ஒரு டாலர். அதையும் கட்ட முடிந்த குடும்பங்கள் சிலவே. நன்கொடை வற்றியது, வெள்ளமும் புயலும் வந்தன, வரி பாக்கி ஏறியது. 1970களின் நடுவில் நிலம் கைவிட்டுப் போனது. ஹேமர் 1977 மார்ச்சில் இறந்தார்.

கூட்டுறவின் நிர்வாகத்தில் குறைகள் இருந்தன, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பாருங்கள். பருத்திக்கு மானியம் உண்டு, நெல்லுக்கு உண்டு. மனிதர் அன்றாடம் தின்னும் அவரைக்கும் கீரைக்கும் அந்தத் திட்டத்தில் இடம் இல்லை. ஒரு வெள்ளத்தில் ஹேமரின் பண்ணை முழுகியது. ஒரு வெள்ளத்தைத் தாங்கும் வலிமையைப் பக்கத்துப் பண்ணைக்கு ஆண்டுதோறும் தபாலில் வந்த காசோலை கொடுத்தது.

கிறிஸ்துமஸ் மரம்

1970இல் நாடாளுமன்றம் முதன்முறையாக உச்சவரம்பு வைத்தது: ஒருவருக்கு ஒரு பயிருக்கு 55,000 டாலருக்கு மேல் கிடையாது. செய்தித்தாள்கள் கொண்டாடின. அடுத்த ஆண்டே பெரும் பண்ணைகள் மனைவி, மகன், மகள், அறக்கட்டளை, கம்பெனி என்று தாளில் பிரிந்தன. நிலம் நடுவில் வரப்பு கூட விழாமல் அப்படியே கிடந்தது. அரசு மிச்சப்படுத்தியது அற்பத் தொகை.

1980களில் இந்தக் கலை முதிர்ந்து ஒரு பெயரும் பெற்றது: மிசிசிப்பி கிறிஸ்துமஸ் மரம். உச்சியில் ஓர் ஆள்; அவர் பங்குவகிக்கும் இரண்டு கம்பெனிகள்; அந்தக் கம்பெனிகள் பங்குவகிக்கும் வேறு கம்பெனிகள். தாளில் வரைந்தால் கிளை விரிந்த மரம் போல இருக்கும். ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு காசோலை தொங்கும். ஒரு கெட்ட வழக்கம் தன் மாநிலத்தின் பெயரையே சுமக்கும் அளவுக்கு அங்கே பரவியிருந்தது. 1987இல் வந்த சட்டம் ஒருவர் அதிகபட்சம் மூன்று அமைப்புகள் வழியாகத்தான் பணம் பெறலாம் என்றது. "விவசாயத்தில் உண்மையாக ஈடுபடுகிறவர்" என்ற நிபந்தனையையும் சேர்த்தது.

உண்மையாக ஈடுபடுவது என்றால் என்ன? உழைப்பு தரலாம், அல்லது நிர்வாகம் தரலாம். உழைப்பைக் கண்ணால் பார்க்க முடியும். நிர்வாகத்தை எப்படி அளப்பது? தொலைபேசியில் நடத்தும் ஆலோசனையும் நிர்வாகம்தான் என்று வாதாடலாம். பங்குதாரர் கூட்டு நிறுவனம் என்ற வடிவத்தில் ஒவ்வொரு பங்குதாரருக்கும் தனித்தனி உச்சவரம்பு. 2018 சட்டப்படி ஓர் ஆளுக்கு 1,25,000 டாலர் என்றால், பத்துப் பங்குதாரர்களுக்குப் பன்னிரண்டரை லட்சம். அதே சட்டம் "குடும்பம்" என்ற சொல்லையும் விரித்தது: உடன்பிறந்தாரின் பிள்ளைகளும் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா பிள்ளைகளும் இனி குடும்பம். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் வரம்பை 1,55,000 டாலராக உயர்த்தி, கூட்டு நிறுவனங்களுக்கு இருந்த பெருக்கல் வசதியை வேறு வகைக் கம்பெனிகளுக்கும் கொடுத்தது. மிசிசிப்பி மரம் இப்போது சட்டத்தின் தோட்டத்திலேயே வளர்கிறது. பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்தில் சராசரியாக அறுபது சதவீதத்துக்கு மேல் அரசே கட்டுகிறது. அந்த உதவிக்கு உச்சவரம்பே கிடையாது.

வாஷிங்டனில் இயங்கும் சுற்றுச்சூழல் செயற்குழு என்ற அமைப்பு, தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக வாங்கிய பதிவுகளைத் தொகுத்து வெளியிடுகிறது. 1995 முதல் 2021 வரை பயிர் மானியத்தில் 78 சதவீதம், பெற்றவர்களில் மேல்தட்டுப் பத்து சதவீதத்தினருக்குப் போயிருக்கிறது என்பது அதன் கணக்கு. டெல்டாவின் பதிவுகளில் முதல் வரிசையில் நிற்பவை பெரும்பாலும் கூட்டு நிறுவனப் பெயர்கள். அந்தப் பெயர்களை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அவர்கள் விதிப்படியே வாங்குகிறார்கள். என் வழக்கு விதியோடு.

மறுபக்கத்தின் வாதத்தையும் அதற்குரிய மரியாதையோடு சொல்ல வேண்டும். அதிகம் விளைவிப்பவருக்கு அதிகம் போவது இயல்பு என்கிறார்கள். பருத்தி விலை ஒரே பருவத்தில் பாதியாக விழக்கூடும். அறுவடை இயந்திரத்தின் விலை பல லட்சம் டாலர். ஓர் ஆண்டு தவறினால் மூன்று தலைமுறைப் பண்ணையும் ஏலத்துக்குப் போகும். இவை உண்மை. விளைச்சலைக் காப்பதுதான் நோக்கம் என்றால் இந்த முறையை நியாயப்படுத்தலாம். ஆனால் ஒவ்வொரு விவசாயச் சட்டமும் மேடையேறும்போது அதன் வாயில் இருப்பது சிறு குடும்ப விவசாயியின் பெயர். அவர் பெயரைச் சொல்லி வாங்கிய பணம் அவருக்கு வரவில்லை. அதோடு நிற்கவில்லை. உத்தரவாதமான காசோலை உள்ளவர் நிலக் குத்தகையை ஏற்றிக் கேட்கிறார். அவரோடு போட்டிபோட முடியாமல் சிறியவர் விலகுகிறார். பக்கத்து நிலத்துக்குப் போகும் மானியம், அது கிடைக்காதவரைத் தன் நிலத்திலிருந்து மெல்ல நகர்த்திவிடுகிறது.

தாமதமாக வந்த காசோலைகள்

1920இல் அமெரிக்காவில் 9,25,000 கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். 1992இல் சுமார் 18,000 பேர். 1983இல் ரீகன் அரசு விவசாயத் துறையின் குடிமை உரிமைப் புகார் பிரிவைக் கலைத்துவிட்டது; அதன் பிறகு வந்த புகார்கள் ஆண்டுக்கணக்கில் விசாரணையின்றிக் கிடந்தன. கறுப்பின விவசாயிகள் அந்தத் துறை மீது 1997இல் தொடுத்த பிக்ஃபோர்ட் வழக்கில், விதைப்புக்கு முன் கடன் கேட்டால் அறுவடைக்குப் பின் பதில் தந்தார்கள், வெள்ளைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு அதே வாரம் கொடுத்தார்கள் என்பதே திரும்பத் திரும்ப வந்த குற்றச்சாட்டு. பயிருக்குப் பருவம் உண்டு. மே மாதம் கிடைக்கும் கடன் ஏப்ரல் விதைப்புக்கு உதவாது. அலுவலகம் "இல்லை" என்று சொல்லவே தேவையில்லை. தாமதம் செய்தால் போதும்.

1999 ஏப்ரலில் நீதிபதி பால் ஃபிரீட்மன் உடன்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தார். சுமார் 15,000 பேருக்குப் பெரும்பாலும் தலைக்கு 50,000 டாலர் கிடைத்தது. கெடு தவறியவர்களுக்காக 2010இல் இன்னொரு 125 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. தவறாக உரிமை கோரியவர்களும் இருந்தார்கள் என்ற புகார் எழுந்தது. அதில் உண்மையும் உண்டு. அதை மட்டும் பேசிக்கொண்டிருந்தவர்கள் கிறிஸ்துமஸ் மரத்தைப் பற்றி அதே குரலில் பேசியிருந்தால் நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நிலப் பத்திரம் இன்னொரு முடிச்சு. டெல்டாவிலும் தெற்கு முழுவதும் கறுப்பினக் குடும்பங்களின் நிலம் பலமுறை உயில் இல்லாமலே அடுத்த தலைமுறைக்கு வந்தது. பாட்டன் பெயரிலேயே பத்திரம். பேரன்மார் முப்பது பேர், ஐந்து மாநிலங்களில். விவசாயத் துறையில் பண்ணை எண் வாங்கப் பத்திரம் வேண்டும். பண்ணை எண் இல்லாவிட்டால் மானியம், கடன், பேரிடர் உதவி எதுவும் இல்லை. பட்டா மாற்றத்துக்காக அலைந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மாற்று ஆவணங்களை ஏற்கலாம் என்று 2018 சட்டம்தான் வழிவிட்டது.

கொரோனா காலத்தில் விவசாயிகளுக்குச் சுமார் 2,600 கோடி டாலர் நிவாரணம் போனது. அதில் கறுப்பின விவசாயிகளுக்குக் கிடைத்தது ஏறத்தாழ இரண்டு கோடி டாலர், ஆயிரத்தில் ஒரு பங்கு என்று விவசாயச் செயலர் டாம் வில்சாக்கே 2021 மார்ச்சில் சொன்னார். அந்த மாதம் நாடாளுமன்றம் கறுப்பினத்தவர் உள்ளிட்ட சிறுபான்மை விவசாயிகளின் கடன் தள்ளுபடிக்கு ஒதுக்கிய தொகையை, இனப் பாகுபாடு என்று வெள்ளை விவசாயிகள் தொடுத்த வழக்குகளில் நீதிமன்றங்கள் நிறுத்திவைத்தன.

அதே 2021 செப்டம்பரில் இண்டியனோலா பக்கத்துப் பண்ணை ஒன்றின் மீது ஆறு கறுப்பினத் தொழிலாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். தற்காலிக விசாவில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வெள்ளைத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து, அவர்களுக்கு மணிக்குப் பதினோரு டாலருக்கு மேல் கொடுத்தார்கள், தங்களுக்கு 7.25 டாலர்தான் என்பது குற்றச்சாட்டு. வந்தவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்களும் தாங்களே என்றார்கள். 2022 இறுதியில் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. ஹேமரின் பெற்றோர் பாடுபட்ட அதே கரிய மண்ணில், இரண்டு தலைமுறைக்குப் பின்பும் டிராக்டரில் உட்கார்ந்திருக்கிறவர் பெயர் எந்த மானியப் பதிவிலும் இல்லை.

2022இல் நாடாளுமன்றம் வழியை மாற்றியது. இனத்தைச் சொல்லாமல், விவசாயத் துறையின் கடன் திட்டங்களில் பாகுபாட்டுக்கு ஆளான எவருக்கும் உதவி என்று எழுதி 220 கோடி டாலர் ஒதுக்கியது. 2024 ஜூலை இறுதியில் 43,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் காசோலைகள் புறப்பட்டன. பெரும்பங்கு மிசிசிப்பிக்கும் அலபாமாவுக்கும் போனது. அவர்களில் 23,000 பேருக்கு மேல் விவசாயம் செய்தவர்கள் அல்லது செய்துகொண்டிருப்பவர்கள். அவர்களுக்கு 10,000 முதல் 5,00,000 டாலர் வரை. மீதி 20,000 பேர், விவசாயம் செய்ய நினைத்து, கடன் கிடைக்காததால் ஒரு பருவமும் பயிர் வைக்காமலே போனவர்கள். அவர்களுக்கு 3,500 முதல் 6,000 டாலர் வரை கிடைத்தது.